பாசியா, வினிகரா, இரும்புத் துகளா? ரீஃப் டேங்கில் நைட்ரேட், பாஸ்பேட் குறைக்கும் வழிகள்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், அதாவது ரீஃப் டேங்கில், நைட்ரேட் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு), பாஸ்பேட் 0.3 என்று டெஸ்ட் கிட் காட்டியதும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வினிகர் ஊற்றச் சொல்வார் ஒருவர், இரும்புத் துகள் போடச் சொல்வார் இன்னொருவர், சம்ப்பில் (டேங்குக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியில்) பாசி வளர்க்கச் சொல்வார் மற்றொருவர். மூன்றுமே பலன் தரும், ஆனால் மூன்றின் வேலையும் வேறுவேறு. விலையைக் கேட்பதற்கு முன் நான் கேட்பது இரண்டு கேள்விகள். இரண்டில் ஏறியிருப்பது எது? பத்து நாள் ஊருக்குப் போய்விட்டால் அந்த முறை டேங்கை என்ன செய்யும்?

இலக்கு பூஜ்ஜியம் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய பேர். கடலில் பவளப்பாறை ஓரத்து நீரில் நைட்ரேட் மிகக் குறைவுதான். ஆனால் அங்கே ஓயாமல் மிதவை உயிரிகள் அடித்து வருகின்றன. பவளம் பட்டினி கிடப்பதில்லை. நம் டேங்கில் இரண்டும் பூஜ்ஜியமானால் பவளம் வெளிறும், பிறகு குமிழ் கோத்த பழுப்புச் சளியாக டைனோஃப்ளாஜெல்லேட் (டைனோ) என்ற நுண்ணுயிரி படரும். அதை விரட்டுவதைவிடப் பச்சைப் பாசியைச் சுரண்டுவது எவ்வளவோ மேல். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் நான் எதையும் தொடுவதில்லை.

தண்ணீர் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 40 பிபிஎம் உள்ள டேங்கில் 20 சதவீதம் மாற்றினால் 32 ஆகும். நான்கு முறை மாற்றினால் 16-க்கு வரும். அதற்குள் மீன் தின்றதும் கழித்ததும் மறுபடி ஏற்றிவிடும். 100 லிட்டருக்குக் குறைந்த டேங்குக்கு இதுவே போதும். பெரிய டேங்கில் உப்புச் செலவு கையைக் கடிக்கும்.

கார்பன் டோசிங், அதாவது டேங்கில் கரிமச் சத்தை ஊற்றுவதுதான் உள்ளவற்றில் சுவாரசியமானது, ஆபத்தானதும் கூட. டேங்கில் இருக்கும் பாக்டீரியாவுக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளமாகக் கிடைக்கின்றன, கரிமம்தான் பற்றாக்குறை. வோட்காவோ வினிகரோ அதைக் கொடுத்தால் பாக்டீரியா பெருகி இரண்டையும் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். ஸ்கிம்மர் (நுண்குமிழால் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) அந்தப் பாக்டீரியாவை நுரையோடு வெளியே தள்ளும். ஸ்கிம்மர் சுமாராக இருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம். 40 சதவீத வோட்கா 1 மி.லி. தரும் கரிமத்துக்கு 5 சதவீத வினிகர் சுமார் 8 மி.லி. தேவை. தமிழ்நாட்டில் ஒன்றுக்கு டாஸ்மாக் வரிசை, மற்றொன்றுக்கு மளிகைக் கடை. நான் வினிகர் கட்சி. லேபிளில் அமில சதவீதத்தைப் பாருங்கள், நிறம் சேர்த்ததை வாங்காதீர்கள். தொடக்கத்தில் 100 லிட்டருக்கு நாளொன்றுக்கு 0.8 மி.லி. வினிகர் போதும். வினிகர் pH-ஐச் சற்று இறக்கும் என்பதால் விளக்கு எரியும் நேரத்தில் ஊற்றுவது நல்லது. அளவு தவறினால் தண்ணீர் பால்போல் வெளுக்கும், ஆக்சிஜன் சரியும், விடிவதற்குள் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளக்கும்.

இன்னொன்று, இது பெரும்பாலும் நைட்ரேட்டைத்தான் வேகமாக இறக்கும். கரிமம் கிடைத்த பாக்டீரியாவில் ஒரு பகுதி, ஆக்சிஜன் எட்டாத கல் இடுக்குகளில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி விடுகிறது. பாஸ்பேட்டுக்கு அப்படி ஒரு வழி இல்லை. நைட்ரேட் தீர்ந்துவிட்டால் பாக்டீரியா பாஸ்பேட்டையும் தொடாது. (இந்த இடத்தில் யாராவது நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் 16:1 என்ற ரெட்ஃபீல்டு விகிதத்தை எடுத்துக்கொண்டு வருவார். அது மிதவை உயிரிகளின் உடலில் உள்ள அணுக்களின் கணக்கு. டெஸ்ட் கிட் எண்களை அப்படியே அதில் பொருத்தினால் கணக்கு உதைக்கும்.) ஊருக்குப் போனால்? தானாக அளந்து ஊற்றும் டோசிங் பம்பை நம்ப வேண்டும். பம்ப் நின்றுபோனால் பரவாயில்லை, நிற்காமல் ஓடினால்தான் வினை.

ஜி.எஃப்.ஓ. எனப்படும் இரும்பு ஆக்சைடு துகள் பாஸ்பேட்டை மட்டும் பிடிக்கும்; நைட்ரேட்டை அதற்குத் தெரியாது. ரியாக்டர் எனும் குழாயில் தண்ணீர் ஓடும்போது துகள்கள் மெல்லப் புரண்டால் போதும். முதலில் ஆர்.ஓ. தண்ணீரில் அலசி செந்தூசியைப் போக்கிவிடுங்கள், பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள். பாஸ்பேட் ஒரேயடியாக விழுந்தால் அக்ரோபோரா பவளம் அடிப்பகுதியிலிருந்து தோலுரியும். இரண்டே நாளில் பாஸ்பேட் குறைந்து, அடுத்த வாரம் பழைய இடத்துக்கே வந்தால் மருந்தைத் திட்டாதீர்கள். டேங்கில் அடுக்கிய சுண்ணாம்புக் கல்லான லைவ் ராக் இத்தனை நாள் ஒட்டவைத்திருந்த பாஸ்பேட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. கல்லின் இருப்பு கரையும்வரை துகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஊருக்குப் போனாலும் பயமில்லை, துகள் தீர்ந்து சும்மா கிடக்கும். இதே வேலைக்கு லாந்தனம் குளோரைடு இதைவிட மலிவு, வேகம். ஆனால் உருவாகும் வெண்படிவை மிக நுண்ணிய வடிகட்டியில் பிடித்தாக வேண்டும். டேங் (tang) என்ற வகை மீன் வைத்திருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

பாசி பழைய யோசனை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் ஆய்வாளர் வால்டர் ஏடி 1980-களின் தொடக்கத்திலேயே பாசித் தட்டுகளை வைத்துப் பவளத் தொட்டியைச் சுத்தப்படுத்திக் காட்டினார். இன்று சம்ப்பில் கீட்டோ என்ற நூல்போன்ற பாசி உருண்டையும் ஒரு விளக்கும் போதும். இரண்டு சத்தையும் சேர்த்தே எடுக்கும், ஆனால் மெதுவாக. பலன் தெரிய வாரங்கள் ஆகும். இரவில் விளக்கைப் போட்டால் pH சரிவும் குறையும். வளர்ந்ததை அறுத்து வெளியே எறிந்தால்தான் சத்து வெளியேறியதாகக் கணக்கு. பத்து நாள் கவனிக்காவிட்டால் கொஞ்சம் அடர்ந்திருக்கும், அவ்வளவுதான். நைட்ரேட் அற்றுப்போனால் மட்டும் கரைந்து, தின்றதையெல்லாம் கக்கிவிடும்.

சம்ப்பில் இடம் இருந்து இரண்டும் ஏறியிருந்தால் நான் கீட்டோவைத்தான் சொல்வேன். நைட்ரேட் மட்டும் 40-ஐத் தாண்டி, நல்ல ஸ்கிம்மரும் இருந்தால் வினிகர். பாஸ்பேட் மட்டும் என்றால் ஜி.எஃப்.ஓ., அதுவும் 0.1-க்கு இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். வினிகரையும் ஜி.எஃப்.ஓ.வையும் ஒரே வாரத்தில் தொடங்குவது டைனோவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

எதைத் தேர்ந்தாலும் பாஸ்பேட்டை நிற அட்டையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், 0.03-க்கும் 0.1-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஹன்னா நிறுவனத்தின் பாஸ்பரஸ் செக்கர் (அளவை எண்ணாகக் காட்டும் கையடக்கக் கருவி) நல்லது. ஆனால் அது காட்டுவது பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் பாஸ்பரஸ்; 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் வரும். திரையில் 33 வந்தால் 0.1.