டிரெய்லர் செய்யக் கொடுத்திருக்கிறீர்களா? பெயின்ட் அடிப்பதற்கு முன்பே போய்ப் பாருங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மினி டிராக்டருக்கு ஒற்றை அச்சு டிரெய்லர் வேண்டுமென்று, சாலையோரப் பட்டறை ஒன்றில் சட்டம் செய்யக் கொடுத்தேன். 100 மில்லிமீட்டர் சேனல், அதாவது 'ப' வடிவ இரும்புச் சட்டம், என்று பேச்சு. மூன்று வாரத்தில் நீல நிறம் மின்ன வந்து நின்றது. பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தோஷமாக ஓட்டிவந்தோம்.

நான்காவது மாதம், காய் ஏற்றி வாய்க்கால் மேட்டில் ஏறும்போது, கொக்கியைத் தாங்கும் இழுவைச் சட்டம் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் விட்டுப்போனது. டிரெய்லர் பின்னோக்கிச் சரிந்து வரப்பில் முட்டி நின்றது. சிந்திய காய்களைப் பொறுக்கியபடி பின்னால் வந்துகொண்டிருந்த அம்மாவுக்கும் சக்கரத்துக்கும் இடையே நான்கு முழம்கூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உடைந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். பெரும்பகுதி துருவேறிப் பழுப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் புது இரும்பாக வெளுத்திருந்தது. விரிசல் பல வாரங்களாக உள்ளே வளர்ந்திருக்கிறது. மிச்சமிருந்த அந்த ஒரு விரல்தான் அன்றைக்கு உடைந்தது. பெயின்ட்டுக்கு அடியில் பட்டி பூசியிருந்தார்கள். உளியால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அதற்கும் கீழே, இரண்டு இரும்பும் சரியாகச் சேராத இடைவெளியில், மேல்பூச்சு உதிர்த்த வெல்டிங் ராடுத் துண்டு ஒன்றைப் படுக்கவைத்து, மேலே ஒரே ஒரு வெல்டிங் வரி ஓட்டி மூடியிருந்தார்கள். அந்த ராடு உருகவே இல்லை. குறட்டால் பிடித்து இழுத்தேன், முழுதாகக் கையோடு வந்தது.

சேனலையும் ஒரு மீட்டர் அறுத்து எடை போட்டோம். 100 மில்லிமீட்டர் தரச் சேனல் மீட்டருக்கு ஒன்பதரைக் கிலோ இருக்க வேண்டும். இது ஏழு கிலோவைத் தொடவில்லை. பணம் மட்டும் முழு எடைக்குப் பட்டறைக்காரர் வாங்கியிருந்தார்.

பட்டறைக்காரர், "பாரம் அதிகம் ஏற்றியிருப்பீர்கள்" என்றார். ராடுத் துண்டை மேசைமேல் வைத்தேன். வேலை செய்த பையன் ஊருக்குப் போய்விட்டானாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமென்றால், என் கையில் இருந்தது மொத்தத் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. இரும்பின் அளவும் எடையும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்காதது என் தவறு. நீங்கள் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

மறுபடி வேறொரு வெல்டரிடம் செய்தேன். அவர் இரும்பின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்துக்கொண்டு, அடிவரை உருகும்படி முதல் வரி ஓட்டி, கசடைத் தட்டித் துலக்கிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார். மூலைகளில் முக்கோணத் தகடு வைத்தார். அழகுக்காக எந்த வெல்டையும் மழுக்கவில்லை. பிறகு மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புக்கட்டிப் பொடியைப் பூசிக் காட்டினார்: விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். எங்கும் கோடு விழவில்லை. அதன்பிறகுதான் பிரைமர் அடிக்க விட்டேன்.

அண்மையில் டிரெய்லர் வாங்கியவர்கள், அடுத்த பாரம் ஏற்றும் முன் ஒரு டார்ச்சோடு அடியில் படுத்துப் பாருங்கள். இழுவைச் சட்டம் சேரும் மூலையில், பெயின்ட்டில் மயிரிழை போலத் துருக்கோடு தெரிந்தால், வண்டியை அப்படியே நிறுத்திவிடுங்கள்.