பழைய கிட்டாரைச் சரிசெய்யக் கொடுக்கிறீர்களா? கழற்றியதையெல்லாம் திருப்பிக் கேளுங்கள்

என்னிடம் 1963-இல் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டு சுருங்கி, ஒரு ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து விளிம்பு வரை விரிசல் விட்டிருந்தது. பழைய கிட்டார்களில்தான் கைதேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பெயர் வேண்டாம். ஏமாற்றிய விதம்தான் தெரிய வேண்டும், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை.

அந்தக் காலத்து ஃபெண்டர் பிக்கார்டு செல்லுலாய்ட் என்னும் பழைய பிளாஸ்டிக்கில் செய்தது. நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரம் சேர்த்தால் செல்லுலாய்ட். வருடங்கள் போகப் போகக் கற்பூரம் ஆவியாகும், தகடு சுருங்கும். ஸ்க்ரூ இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் வெடிக்கும். வெள்ளை நிறத்தில் பச்சை படரும். இதோடு நின்றால் பரவாயில்லை. முற்றிப்போனால் பொருளே சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயு வரும். அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, பக்கத்திலிருக்கும் கம்பி, பிரெட் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டை), ஸ்க்ரூ எல்லாவற்றையும் அரிக்கும். பழைய ஆர்ச்டாப் (முன்பலகை வளைந்த) கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட தகட்டைக் கழற்றித் தனியாக வைப்பதுதான் சரி.

என்னுடையது அந்தக் கட்டத்துக்குப் போகவே இல்லை. மூக்கைத் துளைக்கும் நெடியோ பிசுபிசுப்போ கிடையாது. ஸ்க்ரூக்களில் அரிப்பும் இல்லை. ஆனால் அவர், "சார், இது விஷம். விட்டா உள்ள இருக்கிற எல்லாத்தையும் தின்னுடும். அதே செல்லுலாய்டில் புதுசு போட்டுத் தர்றேன்" என்றார். சரி என்றேன்.

திரும்பி வந்தபோது பிக்கார்டு பார்க்க அழகாக, இளம்பச்சையாக இருந்தது. ஓரத்தைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்துப் பார்த்தேன். செல்லுலாய்ட் என்றால் கற்பூர வாசனை வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. பச்சைச் சாயம் ஏற்றிய வினைல். வினைல் மட்டமான பொருள் அல்ல, ஃபெண்டரே 60-களின் நடுவில் அதற்கு மாறியது. வினைல் என்று சொல்லியே போட்டிருக்கலாம். செல்லுலாய்டுக்கு உண்டான விலையை வாங்கிக்கொண்டு வினைலை மாட்டியதுதான் மோசடி.

வால்யூம் நாப் (திருகும் குமிழ்) வேறு ஆடியது. கழற்றினால் நடுவில் விரிசல். நாபுக்கு அடியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மின்பாகம்தான் பாட். அமெரிக்க பாட் தண்டில் 24 பற்கள், அந்த நாப் அதற்காகச் செய்தது. உள்ளே இருந்ததோ 18 பற்கள் கொண்ட மெட்ரிக் அளவு பாட். அதில் பழைய நாபை வைத்து அழுத்தியிருக்கிறார். பிக்கார்டைத் திறந்தேன். மூன்று பாட்களும் புதியவை. பிக்கார்டுக்கு அடியில் இரைச்சலைத் தடுக்க இருந்த அலுமினியத் தகட்டைக் காணோம், அந்த இடத்தில் ஃபாயில் டேப். எனக்கு அதிகம் வயிறெரிந்தது இதற்கெல்லாம் இல்லை. புது பிக்கார்டின் ஓட்டைகள் பொருந்தாததால் உடலிலேயே புதிதாகத் துளை போட்டு, பழைய லாக்கர் பூச்சைப் பெயர்த்திருந்தார். ஓட்டை பொருந்தாவிட்டால் புது பிளாஸ்டிக்கை அராவ வேண்டும். அறுபது வருட மரத்தில் யாராவது டிரில் வைப்பார்களா?

பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டேன். "செல்லுலாய்ட் தீப்பிடிக்கும் சார், அதான் எல்லாத்தையும் அப்புறப்படுத்திட்டேன்" என்றார். தீப்பிடிக்கும் என்பதும் உண்மைதான். அலுமினியமும் பாட்டுமா தீப்பிடிக்கும்?

கொடுப்பதற்கு முன் உள்பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தேன். பாட்களின் பின்னால் 304, 63 என்று தொடங்கும் எண் அதில் தெளிவாகத் தெரிந்தது. 304 என்றால் பாட்டைச் செய்த ஸ்டாக்போல் நிறுவனம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். படத்தைக் காட்டியதும் 'குப்பையில் போன' பாட்களும் அலுமினியத் தகடும் மறுநாளே கிடைத்துவிட்டன. பிக்கார்டு மட்டும் வரவில்லை. விரிசல் விட்ட பழைய பிக்கார்டைக்கூட நல்ல விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

நீங்களும் கொடுக்கும் முன்பு பிக்கார்டைத் திறந்து பாட்களின் எண்களையும் சால்டர் (ஈயப் பற்று) இணைப்புகளையும் படமெடுங்கள். கழற்றும் ஒவ்வொன்றும் திரும்ப வரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பிக்கார்டு திரும்பி வந்தால் கிட்டாரின் மூடிய கேஸுக்குள் போடாதீர்கள், காற்றோட்டமான இடத்தில் தனியாக இருக்கட்டும். பழைய பச்சை பிக்கார்டு வாங்கத் தேடுபவர்களுக்கும் ஒன்று: பதினோரு ஸ்க்ரூ ஓட்டை, பிக்கப் (கம்பியின் அதிர்வை ஒலியாக எடுக்கும் பாகம்) ஸ்விட்சுக்குப் பக்கத்து ஓட்டையிலிருந்து விளிம்புவரை ஒரே விரிசல், அடியில் வரும் அலுமினியத் தகடு கிடையாது. இப்படி ஒன்று விலைக்கு வந்தால், எந்தக் கிட்டாரிலிருந்து கழற்றியது என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.