டீன்சி 4.1 ஆடியோ லைப்ரரி: அந்த பிளாக் கணக்கு மட்டும் இல்லைன்னா...

கிடாருக்கு டிலே பெடல் (வாசிச்சத கொஞ்சம் கழிச்சு எதிரொலி மாதிரி திரும்பக் கேக்க வைக்கிற பெட்டி) பண்ணப்போறேன், டீன்சி 4.1ங்கிற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கலாமாடானு ஃப்ரெண்டு கேட்டான். 600 மெகாஹெர்ட்ஸ், ஆடியோ ஷீல்டு கதையெல்லாம் அவனுக்கே தெரியும், அதனால மெமரி பத்தி மட்டும் சொல்றேன்.

இதோட ஆடியோ லைப்ரரியில, சவுண்டு ஓடுற பாதையில மேலாக்கே (ஓடும்போதே மெமரி கேட்டு வாங்குறது) கெடையாது. செட்டப்புல ஆடியோமெமரி(60)னு போட்டா 60 பிளாக் மொத்தமா ஒதுக்கியாச்சு, பிளாக்குக்கு 128 சாம்பிள், அதாவது 2.9 மில்லிசெகண்ட் சவுண்டு. ஃபில்டர், மிக்ஸர் எல்லாமே அந்தக் குவியல்லேருந்து எடுத்து, வேல முடிஞ்சதும் திருப்பிப் போடணும். இன்டரப்டுக்குள்ள (மத்த வேலைய நிறுத்திட்டு அவசரமா ஓடுற கோடு) ஹீப்புல, அதாவது மேலாக் மெமரி எடுக்குற எடத்துல, காலி எடம் தேடிட்டு நிக்கிற வேலையே இல்ல, எத்தன நாள் ஓடவிட்டாலும் மெமரி துண்டு துண்டா ஆகாது. அதவிட அழகு, ஒரே சிக்னல ரெண்டு எஃபெக்டுக்கு இழுத்தா உடனே காப்பி எடுக்காது, பிளாக் எத்தன பேர்கிட்ட இருக்குனு எண்ணி வச்சுக்கும், யாராவது அதுல மாத்தி எழுதணும்னு கேட்டாதான் காப்பி. யோசிச்சவங்களுக்கு பெரிய கும்பிடு.

ஆனா பிளாக் தீந்துபோச்சுனா ஒரு எர்ரர் வராது, ஒரு வார்னிங் வராது, கேட்ட ஆப்ஜெக்டுக்கு நல் (null, அதாவது 'ஒண்ணுமில்ல') வரும், அது கம்முனு திரும்பிடும், சவுண்டு வராது, நாம ஜாக்க புடுங்கி மாட்டி, சால்டரிங்க சந்தேகப்பட்டு, கேபிள் மாத்திட்டு உக்காந்திருக்கணும். அதிகபட்சமா எத்தன பிளாக் செலவாச்சுனு சொல்ற ஆடியோமெமரியூசேஜ்மேக்ஸ்() மதிப்ப சீரியல் மானிட்டர்ல பிரிண்ட் பண்ணி அது 60லயே முட்டிட்டு நிக்கிறத பாத்தாதான் வெளங்கும். அதுலயும் இந்த டிலே இருக்கே, ஒரு செகண்டுக்கு 345 பிளாக் முழுங்கும், ஸ்டீரியோனா 690! கோரஸ் எஃபெக்ட பாருங்க, அத ஆரம்பிக்கிற பிகின்() ஃபங்ஷன்லயே நம்ம அர்ரேய குடுத்துடலாம், எந்த ரேம்ல வைக்கணும்ங்கிறது நம்ம இஷ்டம். டிலேக்கும் அப்படி குடுத்திருந்தா என்ன கொறஞ்சா போயிடும்? போர்டுக்கு அடியில பிஎஸ்ரேம் (கூடுதல் ரேம்) சிப்பு ஒட்ட எடம் வேற விட்டிருக்காங்க, அங்க 8 எம்பி சும்மா கெடக்கும், இங்க டிலே பொதுக் குவியல காலி பண்ணிட்டிருக்கும்.

நானே ஒரு டிலே கிளாஸ் எழுதி, அர்ரேய எக்ஸ்ட்மெம்ல, அதாவது அந்த பிஎஸ்ரேம்ல, வச்சுட்டேன், இப்ப ஜம்முனு ஓடுது. இருந்தாலும் அவன்கிட்ட, சின்த் பண்றதுனா கண்ண மூடிட்டு வாங்கு, டிலே பெடலுக்குனா வேணாம்டானுதான் சொன்னேன். அப்ப உன்னோடத எனக்கு வித்துடுங்கிறான். அதெல்லாம் தர முடியாது.