அப்பாவின் இரண்டு ஒலிப்பதிவுகள்: பூட்டி வைத்ததும் பகிர்ந்துவிட்டதும்

இணையத்தில் இசையை விலையின்றிப் பகிர்வதைச் சட்டம் அனுமதிக்கலாமா என்ற கேள்வியை, எங்கள் வீட்டிலுள்ள இரண்டு ஒலிப்பதிவுகளை வைத்தே நான் எடைபோடுகிறேன். அழகர் மதுரைக்கு வருவதைச் சொல்லும் நாட்டுப்பாட்டான அழகர் வர்ணிப்பைப் பாடிய என் தந்தையின் குரலை 1994-இல் ஒரு நிறுவனம் கேசட்டாக வெளியிட்டது. உரிமை முழுவதும் அந்த நிறுவனத்துடையது. 2018-இல், மதுரையை அடுத்த ஒத்தக்கடையிலுள்ள எங்கள் வீட்டில் அவரை மீண்டும் பாடச் சொல்லி நானே பதிந்தேன். அதை, வணிக நோக்கமின்றி எவரும் படியெடுக்கலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டோம்.

வருமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேசட்டுக்கு ஒருமுறை கொடுத்த தொகையோடு கணக்கு முடிந்தது. இலவசப் பதிவு ஒரு காசும் ஈட்டவில்லை. வர்ணிப்பாளருக்குச் சோறு போடுவது சித்திரைத் திருவிழாவில் அழகர் தங்கிச் செல்லும் மண்டகப்படிகளிலிருந்து வரும் அழைப்புகள்தாம். பகிர்வதால் அவை குறையவில்லை.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, பதிவை யார் பேணுவது என்பதில்தான் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கே உரியது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். அப்படியானால் அந்தக் கேசட் 2054 முடியும் வரை பூட்டில் இருக்கும். நிறுவனமோ எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அனுமதி கேட்பதற்குக்கூட ஆள் இல்லை. சமய விழாவில் ஒலிபெருக்கியில் போடுவதற்கு விலக்கு அளித்திருக்கும் அதே சட்டம், அந்தப் பாட்டை இணையத்தில் ஏற்றி நாலு பேருக்குத் தருவதற்கு விலக்கு அளிக்கவில்லை.

கேசட்டை நான் கையில் எடுத்தபோது நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்ன ஃபெல்ட் துண்டு பசை விட்டு உதிர்ந்திருந்தது. நாடாவை வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றி, 60 நிமிடமும் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டித்தான் கணினியில் ஏற்ற முடிந்தது. இரண்டாம் பக்கத்தில், அழகர் தல்லாகுளம் வந்து சேரும் கட்டத்தில், குரல் மங்கி அமுங்கிப்போய்விட்டது. சட்டத்துக்குப் பயந்து எவரும் படியெடுக்காமல் விட்ட ஒவ்வொரு கேசட்டுக்கும் இதுதான் கதி.

இதற்கு நேர்மாறானது 2018-ஆம் ஆண்டுப் பதிவின் கதை. என் ஹார்டு டிஸ்க் பழுதாகி மூலப்பதிவு முழுவதும் அழிந்த மறுவாரமே, மேலூரிலிருந்து ஒருவர், "அண்ணே, ஐயா பாட்டு எங்கிட்ட இருக்கு, அனுப்பட்டுமா?" என்று கேட்டார். வந்தது கைக்குக் கை மாறிச் சுருங்கிய நகல்தான், தெளிவு குறைவுதான். ஆனாலும் ஒரு சொல்கூட விடுபடவில்லை. கட்டணச் சேவையில் மட்டும் வைத்திருந்தால் இப்படி நடந்திருக்காது. பாடகரிடம் ஆண்டுக்கட்டணம் வாங்கிப் பாட்டை இணையத்தில் ஏற்றித்தரும் சில விநியோகச் சேவைகளில் கட்டணம் நின்றால் பாட்டையே எடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே, வணிக நோக்கமற்ற பகிர்வு சட்டபூர்வமாக வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. குறைந்தபட்சம், சந்தையில் கிடைக்காமல் போய்விட்ட பதிவுகளுக்காவது உடனே அந்த அனுமதி வேண்டும். புதுத் திரைப்பாடல்களுக்கும் இதையே சொல்வேனா என்றால் தயங்குகிறேன். பெரும்பணம் போட்டு இசை தயாரித்த அனுபவம் எனக்கில்லை; பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை விட்டுக்கொடுக்க முடியாத ஒன்றாக ஆக்கிய 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வீணாகிவிடவும் கூடாது. ஜெர்மனி 1965-லேயே ஒலிப்பதிவுக் கருவிகளின் மீது ஒரு தொகை விதித்து, சொந்த உபயோகத்துக்கான படியெடுப்புக்கு ஈடாகப் படைப்பாளர்களுக்குப் பங்கிட வழி செய்தது. அதைப் போன்ற ஏற்பாட்டை இணையப் பகிர்வுக்கும் விரிவாக்கினால், திரையிசைக்கும் ஒரு வழி பிறக்கலாம்.

2018-இல் பதிந்தது எழுபதைக் கடந்த குரல், மேல்சுருதியில் நிற்காது. அப்பாவின் குரல் கணீரென்று ஒலிப்பது 1994 கேசட்டில்தான். அதைக் கேட்க விரும்புகிறவர்களை இப்போதைக்கு ஒத்தக்கடைக்கு வரச்சொல்லி, முன்னறையில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுகிறேன்.