மலைக்கும் ஊருக்கும் ஒரே ஷூவா, இரண்டா?

மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் கினபாலு மலை ஏறிவிட்டு, அப்படியே கோத்தா கினபாலு நகரத்தையும் இரண்டு மூன்று நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குப் பழக்கமான பயணம். விமானத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரம்தான். இந்த மாதிரிப் பயணத்துக்குச் சாமான் கட்டும்போது பலரும் பையைப் பற்றித்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். முப்பது லிட்டர் போதுமா, நாற்பது வேண்டுமா, முதுகுப்பையா, சக்கரப்பையா என்று. என்னைக் கேட்டால் பை அப்புறம். காலில் என்ன போடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். சட்டையைச் சுருட்டலாம், ஷூவைச் சுருட்ட முடியாது. மலைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி எடுத்தால், பையின் அளவு அங்கேயே முடிவாகிவிடும்.

நம் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள். கணுக்காலை மூடும் ஹைக்கிங் பூட்ஸும், ஊர் சுற்றத் தனியாக ஒரு ஸ்னீக்கரும் எடுத்துக்கொள்வது ஒரு வழி. காட்டுப்பாதையில் ஓடுவதற்கென்றே செய்த டிரெயில் ரன்னிங் ஷூ ஒன்றையே மலையிலும் ஊரிலும் போட்டுக்கொண்டு, தங்கும் இடத்தில் போட ஒரு மெல்லிய செருப்பு மட்டும் கூட வைத்துக்கொள்வது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. சில ஆண்டுகளாக அப்படித்தான் போய்வருகிறேன்.

எடைக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான், சீக்கிரம் முடித்துவிடலாம். பூட்ஸ் ஒரு ஜோடி ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெயில் ஷூ அதில் பாதிதான். ஏர்ஏஷியாவில் கையோடு கொண்டுபோக 7 கிலோ, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சாதாரண வகுப்பிலும் 7 கிலோ, ஸ்கூட்டில் 10 கிலோ. இந்த அளவுக்குள் குளிர்ச்சட்டை, மழைச்சட்டை, தலைவிளக்கு எல்லாம் அடங்க வேண்டும். பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறலாம் என்பார்கள். ஏறலாம்தான், ஆனால் பைக்குள் ஸ்னீக்கர் உட்கார்ந்துகொள்ளும்.

மழை விஷயத்தில் பூட்ஸின் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நடை தொடங்கும் திம்போஹோன் வாசலிலிருந்து, இரவு தங்கும் பனலாபான் வரை 6 கிலோமீட்டர் ஏற்றம். 1,866 மீட்டர் உயரத்தில் தொடங்கி 3,200 மீட்டருக்கும் மேலே போகிறோம். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்வது அங்கே சகஜம். துணிவலை வைத்த டிரெயில் ஷூ பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். பனலாபானில் இருக்கும் குளிரில் எதுவும் காயாது. அதே ஈர ஷூவைப் போட்டுக்கொண்டுதான் பின்னிரவு இரண்டரை மணி வாக்கில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும். நல்ல நீர்புகா பூட்ஸ் இருந்தால் கால் காய்ந்தே இருக்கும், மழைநீர் கால்சட்டை வழியாக மேலிருந்து இறங்காத வரைக்கும். இறங்கிவிட்டால் பூட்ஸ் காய்வதற்கு டிரெயில் ஷூவைவிட அதிக நேரம் ஆகும். நான் செய்வது இதுதான்: ஷூவுக்குள் இருக்கும் மெத்தையை எடுத்துத் துடைத்து, செய்தித்தாளைத் திணித்து வைப்பேன். கிளம்பும்போது காய்ந்த கம்பளிக் காலுறை, அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பை, அதற்குமேல் ஷூ. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் 4,095 மீட்டர் வரைக்கும் கால் கதகதப்பாக இருக்கும். ஊருக்கு இறங்கியதும் மின்விசிறி முன்னால் வைத்தால் காலைக்குள் துணிவலை காய்ந்துவிடும். தோல் பூட்ஸ் என்றால் இரண்டு நாள் ஆகும்.

கணுக்கால் பாதுகாப்பைப் பற்றி நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உயரமான பூட்ஸ் போட்டால் கணுக்கால் பிசகாது என்று சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். என் முதுகில் இருந்தது எப்போதும் சின்னப் பைதான், கணுக்காலில் பழைய காயமும் இல்லை. அந்த அனுபவத்தை வைத்துப் பதினைந்து கிலோ சுமப்பவருக்கு நான் வழி சொல்லக்கூடாது. பனியில் நடப்பவர்களுக்கும் இது பொருந்தாது. நான் பேசுவது வெப்பமண்டல மலை, சின்னப் பை, அப்புறம் ஊர், இவை சேர்ந்த பயணத்தைப் பற்றி மட்டும்.

இத்தனையும் பார்த்தால் இரண்டு வழிகளும் கிட்டத்தட்டச் சமமாகவே தோன்றும். என்னை ஒரு பக்கம் சாய்த்தது மலையில் நடக்கும் எதுவும் இல்லை. பயணம் முடிந்து வீடு திரும்பிய பிறகு, அடுத்த பயணம் வரை அந்த பூட்ஸுக்கு என்ன ஆகிறது என்பதுதான்.

பல ஹைக்கிங் பூட்ஸில், மேல்தோலுக்கும் அடியில் இருக்கும் ரப்பருக்கும் நடுவே பாலியூரித்தேன் நுரை அடுக்கு ஒன்று இருக்கும். பாரத்தைத் தாங்கும், எளிதில் அமுங்கிப்போகாது, அதனால்தான் அதைப் போடுகிறார்கள். ஆனால் காற்றில் உள்ள ஈரம் அந்த நுரையின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். வேதியியலில் இதை நீராற்பகுப்பு என்பார்கள். ஷூவைப் போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். சொல்லப்போனால், போடாமல் மூடி வைத்தால்தான் இன்னும் மோசம். நடக்கும்போது நுரை அமுங்கி விரிந்து ஈரம் வெளியேறுகிறது, பெட்டிக்குள் அந்த வாய்ப்பு இல்லை. பூட்ஸ் செய்யும் நிறுவனங்களே, அடிக்கடி போட்டு நடங்கள், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்றுதான் சொல்கின்றன.

இப்போது நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டுவது சாதாரணம். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் ஷூ இருக்கும் இடம் ஒன்று, வாசலுக்கு வெளியே நடைபாதையில் இருக்கும் அலமாரி. டிசம்பர் மழையில் சாரல் நேராக அங்கேதான் அடிக்கும். இல்லையென்றால் பாம் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறை. சன்னல் கிடையாது, கதவைச் சாத்தினால் காற்றும் கிடையாது. சூட்கேஸ், தீபாவளி விளக்கு, பழைய விசிறி ஆகியவற்றுக்கு நடுவே, ஆண்டுக்கு ஒரு முறை மலை ஏறும் பூட்ஸ் பெட்டிக்குள் காத்திருக்கும். குளிர்நாட்டில் பல ஆண்டு உழைக்கக்கூடிய பூட்ஸ் இங்கே சீக்கிரம் போய்விடுவதில் ஆச்சரியமே இல்லை.

என் அண்ணனுக்கு நடந்தது இதுதான். நல்ல விலை கொடுத்து வாங்கிய பூட்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம்புதிது போலத்தான் இருந்தது. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பனலாபானிலிருந்து இறங்கும்போது வலது கால் அடிப்பாகம் குதிகால் பக்கமாக வாயைத் திறந்தது. கொஞ்ச தூரத்தில் இடதும் அப்படியே. நடுவில் இருந்த நுரை பழைய ரஸ்க் போலப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "நாலு தடவைகூடப் போட்டதில்லையேப்பா" என்று அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். மலை வழிகாட்டி பதற்றமே படாமல் தன் பையிலிருந்து ராஃபியா கயிற்றை எடுத்து, இரண்டு பூட்ஸையும் சுற்றிக் கட்டிக்கொடுத்தார். இதெல்லாம் அவருக்குப் புதிதில்லை என்பது அந்த நிதானத்திலேயே தெரிந்தது. மிச்சப் படிகளை இறங்கி முடிக்க வழக்கத்தைவிட வெகுநேரம் ஆயிற்று.

டிரெயில் ஷூக்களில் பெரும்பாலும் நடு அடுக்கு இவிஏ என்ற வேறு வகை நுரை. ஈரத்தால் அது இப்படி உதிர்வதில்லை. அதற்கு வேறு குறை உண்டு: நடக்க நடக்க அமுங்கிப்போகும். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குமேல் போட்டால் முழங்கால் சொல்லிவிடும். அந்த ஷூவிலும் பசை விடலாம், குறிப்பாக வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தால். ஆனால் இந்தத் தேய்மானம் நம் கண்முன் நடக்கிறது. இங்கேதான் ஒரே ஷூ வழியின் உண்மையான லாபம் இருக்கிறது. ஊருக்கும் ஒத்துவரும் ஷூ என்பதால் சிங்கப்பூரில் இருக்கும்போதும் அதையே போடுகிறேன். வார இறுதியில் மெக்ரிட்சி, சில நாள் பழைய ரயில் பாதை, மாலையில் தேக்காவுக்குக் காய்கறி வாங்க. பெட்டிக்குள் காத்திருக்க அதற்கு நேரமே இல்லை. எங்கே தேய்கிறது, எங்கே பிரிகிறது என்பது கினபாலு போவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

பணக் கணக்கும் இதோடு சேர்ந்ததே. முந்நூறு வெள்ளி பூட்ஸ் ஆண்டுக்கு இரண்டு நாள் நடந்து, சில ஆண்டுகளில் தானாகவே உதிர்ந்துபோகிறது. அதில் பாதி விலை ஷூ முழுதாக உழைத்துவிட்டுப் போகிறது. பழைய பொருள் விற்கும் காரோசல் தளத்தில் "ஓரிரு முறை மட்டுமே போட்டது" என்று பூட்ஸ் விற்பனைக்கு வரும். நம் ஊரில் அந்த வரியைப் படித்தால் எனக்கு ஆசை வராது, பயம்தான் வரும். வாங்கியே தீர வேண்டும் என்றால் ஷூவின் நாக்குக்கு உள்பக்கச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் தயாரித்த மாதமும் ஆண்டும் அதில் அச்சிடுகின்றன.

இந்த இடத்தில் மூன்றாவதாக ஒன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கினபாலுவில் சுமை தூக்குபவர்கள் பலர் காலில் போடுவது கறுப்பு ரப்பர் ஷூ. மலேசியாவில் செல்லமாக 'அடிடாஸ் கம்போங்' என்பார்கள். தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள் போட்டதும் இதே ரப்பர் சப்பாத்துதான். ஜொகூர் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப்பாருங்கள், உடனே அடையாளம் சொல்வார்கள். ஒரே அச்சில் வார்த்த ரப்பர், ஒட்டு கிடையாது, நுரை கிடையாது, அதனால் பிரிய எதுவும் இல்லை. விலை மிகமிகக் குறைவு. ஈரப் பாறையில் நன்றாகப் பிடிக்கும், துடைத்தால் காய்ந்துவிடும். மெத்தை இல்லாததால் பழகாத பாதம் இறக்கத்தில் நோகும். ஊர் சுற்ற உதவாது. அதனால்தான் நான் அதை எடுக்கவில்லை. மரியாதைக் குறைவால் இல்லை.

ஊர்ப் பக்கம் பெரிய சிக்கல் எதுவும் கிடையாது. கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் வாங்கினால் உணவகத்தில் யாரும் காலைப் பார்க்கப்போவதில்லை. காயா தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, சிக்னல் ஹில், 1905இல் கட்டிய அட்கின்சன் மணிக்கூண்டு எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். லிக்காஸ் விரிகுடா ஓரத்துப் பள்ளிவாசலில் கழற்றி மாட்டவும் டிரெயில் ஷூ எளிது. வழவழப்பான ஈரத் தளத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அடியில் இருக்கும் பற்கள் ஆழமாக இருந்தால் சேற்றில் பிடிக்கும், ஈர ஓட்டுத் தளத்தில் வழுக்கும். மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் இரண்டுக்கும் போதும். மழை பெய்த நாளில் ஏதாவது கடைவீட்டு முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதையில் நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும். தார்ச்சாலையில் நடந்தால் பற்கள் சீக்கிரம் தேயும் என்பதும் உண்மை. அந்தச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு இன்னொன்று: மலையில் போட்ட காலணியை அங்கே விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும், மண் ஒட்டியிருக்கக்கூடாது. பற்கள் ஆழம் குறைவாக இருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்வது சுலபம்.

பூட்ஸ்தான் வேண்டும் என்பவர்கள், கணுக்காலில் பழைய காயம் இருப்பவர்கள், கனமான சுமை தூக்குபவர்கள், தாராளமாக பூட்ஸே போடுங்கள். ஆனால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, படுக்கையறை அலமாரியின் மேல் திறந்தபடி வையுங்கள். மாதம் இரண்டு முறையாவது போட்டு நடங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ, பொடி உதிர்ந்தாலோ அது முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றும் தெரியாவிட்டால் அதைப் போட்டுக்கொண்டு சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் படிகளைச் சில வார இறுதிகளில் ஏறி இறங்குங்கள். உயரம் 163 மீட்டர்தான். பிரிவதாக இருந்தால் அங்கேயே பிரியட்டும், கீழே பேருந்து நிறுத்தம் பக்கத்தில்தான் இருக்கிறது.