அந்தமானுக்குத் தாங்களாகவே புறப்படும் தம்பதியருக்கு: எங்களுக்கு விற்கப்பட்ட போலிப் பயணச்சீட்டும், யாருக்கும் விற்கக் கூடாத ஒரு காட்சியும்

கடந்த பிப்ரவரியில் நானும் என் கணவரும் ஆளுக்கொரு முதுகுப்பையைச் சுமந்துகொண்டு ஒன்பது நாள் அந்தமான் தீவுகளில் சுற்றினோம். புறப்படும் முன்பும், போய்ச் சேர்ந்த அன்று மாலையிலுமாக ஒரு பயண முகவருக்கு ரூ. 41,500 கொடுத்தோம். அந்தப் பணத்துக்கு முழுமையாகக் கிடைத்த சேவை என்று ஒன்றைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. போன பணத்தைவிட, அந்தப் பணத்தைக் கொண்டு எங்களை எதில் பங்கேற்க வைக்கப் பார்த்தார்கள் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. எங்களைப் போலவே சிக்கனமாகவும் சுதந்திரமாகவும் போய்வர நினைப்பவர்கள் நடந்ததை முழுமையாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தங்கும் குடில்களை நாங்களே தொலைபேசியில் பேசி முடித்திருந்தோம். தீவுகளுக்கிடையே ஓடும் தனியார் கப்பலின் பயணச்சீட்டுகள், பாராடாங் தீவுக்குக் காட்டுப் பயணம், அங்குள்ள பாலுடேரா கடற்கரைக் குடிலில் ஓரிரவு, ஹேவ்லாக் தீவில் ஒரு முறை கடலடியில் மூழ்கிப் பார்ப்பது (ஸ்கூபா டைவிங்) ஆகிய நான்கை மட்டும் முகவரிடம் ஒப்படைத்தோம். சமூக ஊடகப் பக்கம் ஒன்றின் வழியாக அறிமுகமான அவர் தமிழர். அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழ்கின்றன. அங்குள்ள அபர்தீன் பஜாரில் நடந்தால் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே, "அக்கா, நம்ம ஊர்க்காரங்கள நான் ஏமாத்துவேனா? மொத்தமும் என் பொறுப்பு" என்று அவர் குரல்பதிவு அனுப்பியபோது, நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அடங்கிப்போயின. ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீது அவரிடம் இல்லை. முன்பணம் ரூ. 20,000-ஐ ஒரு தனிநபரின் யு.பி.ஐ. கணக்குக்குத்தான் அனுப்பச் சொன்னார். அந்தக் கணக்கில் இருந்த பெயரும் அவருடைய பெயர் அல்ல. இவ்வளவையும் பார்த்த பிறகும் நாங்கள் அனுப்பினோம்.

அவர் தந்த ஒன்பது நாள் திட்டத்தை அன்று நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. இரண்டாம் நாள் ஹேவ்லாக், நான்காம் நாள் நீல், ஐந்தாம் நாள் ஷஹீத் தீவு என்று அதில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கப்பல் கட்டணமும் போடப்பட்டிருந்தது. நீல் தீவுக்குத்தான் 2018 டிசம்பரில் ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்ற பெயரும் அப்போதே வந்தது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆயிற்று. உள்ளூர்வாசிகள் பழைய பெயர்களையே பேச்சில் சொல்கிறார்கள், ஆவணங்களிலோ புதிய பெயர்கள் இருக்கின்றன. இந்த இடைவெளிக்குள் ஒரே தீவை இரண்டு தீவுகளாக்கி, இல்லாத ஒரு கப்பல் பயணத்துக்கும் எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார் என்பது ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் அதிகாலையில், ஹேவ்லாக் கப்பலைப் பிடிக்கத் தலைநகரின் ஹேடோ துறைமுகத்துக்குப் போனோம். வாட்ஸ்அப்பில் வந்த பயணச்சீட்டில் எங்கள் பெயர்களும், இருக்கை எண்களும், பி.என்.ஆர். எண்ணும் ஒழுங்காகவே இருந்தன. நுழைவாயிலில் இருந்த ஊழியர் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, அது ஏற்கெனவே வேறொரு நாளில் பயணம் செய்து முடித்த இருவருடையது என்று சொன்னார். யாரோ ஒருவரின் பழைய சீட்டில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முகவரின் தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்பது மணிக்கு மேல் அவரே அழைத்து, கடல் கொந்தளிப்பாக இருப்பதால் கப்பல் ரத்தாகிவிட்டது என்றார். நாங்கள் செல்ல வேண்டிய கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டுப் போனதை அதற்குள் கண்ணெதிரே பார்த்திருந்தோம். அந்தமானில் மழைக்காலங்களில் கப்பல்கள் ரத்தாவது உண்மைதான்; ஆனால் பிப்ரவரி மாதக் கடல் அன்று குளத்து நீரைப் போல அசையாமல் கிடந்தது.

எங்கள் நிலையைக் கண்ட ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் உள்ள அரசுக் கப்பல் சீட்டு அலுவலகத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். அடையாள அட்டையின் நகலோடு வரிசையில் நின்று, பிற்பகல் கப்பலுக்கு இரண்டு சீட்டுகள் வாங்கினோம். முகவர் கணக்குப் போட்ட கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆயிற்று. தனியார் கப்பல்கள் பெரும்பாலும் மூடிய குளிரூட்டப்பட்ட அறைகளைக் கொண்டவை. அரசுக் கப்பல் சற்று மெதுவாகப் போனாலும், மேல்தளத்தில் நின்று காற்று வாங்கிக்கொண்டு ஹேவ்லாக் வரை போனோம். இந்தப் பயணத்தில் நாங்கள் நிம்மதியாக இருந்த நேரம் அதுவே. அரசுக் கப்பல்களில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு. சுற்றுலாப் பருவத்தில் இடம் கிடைக்காமலும் போகலாம். ஆகவே தனியார் கப்பலில் செல்வதானால், முகவர் அனுப்பும் கோப்பை மட்டும் நம்பாமல், கப்பல் நிறுவனத்தின் தளத்திலோ அலுவலகத்திலோ உங்கள் பி.என்.ஆர். எண்ணைச் சரிபார்த்து, அடையாள அட்டையில் உள்ள பெயரே அதில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். நாங்கள் மீதி ரூ. 21,500-ஐ முதல் நாள் மாலையிலேயே கொடுத்துவிட்டிருந்தோம்.

கடலடிப் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் உயிருக்கே ஆபத்து இருந்தது. ஹேவ்லாக்கின் கோவிந்த் நகர் கடற்கரையை அடுத்த ஓரிடத்துக்கு அனுப்பப்பட்டோம். முகவர் பாதிப் பணம்தான் கட்டியிருக்கிறார், மேலும் ரூ. 3,000 வேண்டும் என்றார்கள். அதைக் கொடுத்தோம். பிறகு உடல்நிலை பற்றிய கேள்விப் படிவம் வந்தது. எனக்குச் சிறு வயது முதல் வீசிங் உண்டு. இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கும். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று நான் குறியிட்டதும், பயிற்றுநர் வேறொரு படிவத்தை எடுத்து நீட்டி, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்திடச் சொன்னார். ஆஸ்துமா உள்ளவர் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் அழுத்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நீருக்குள் போகக் கூடாது. மூச்சுக்குழாய் சுருங்கி நுரையீரலில் காற்று சிக்கிக்கொண்ட நிலையில் மேலே வந்தால், அந்தக் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடக்கூடும். அந்தப் படிவம் நம்மைக் காப்பதற்காக உருவானது. அதில் பொய் சொல்லச் சொல்கிறவரின் கையில் நம் உயிரை ஒப்படைக்கக் கூடாது என்று நான் எழுந்துவிட்டேன்.

முகவரை அழைத்தபோது, அப்படியானால் அண்ணன் மட்டும் கடைசி நாள் காலையில் மூழ்கிவிட்டு மதியம் விமானம் ஏறிவிடலாம் என்று யோசனை சொன்னார். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தாலும் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழ்களாகிவிடக்கூடும். நாள்தோறும் இந்தச் சேவையை விற்கும் ஒருவருக்கு இது தெரியவில்லையா, அல்லது தெரிந்தும் சொன்னாரா என்று யோசிக்கையில் இரண்டுமே அச்சமூட்டுகின்றன. ஹேவ்லாக்கில் முறையாக நடத்தும் மையங்களும் இருக்கின்றன. படிவத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைக் கொண்டே அவர்களை இனங்காணலாம்.

இத்தனைக்குப் பிறகும் பாராடாங் பயணத்துக்கு ஏன் அதே முகவரின் வண்டியில் ஏறினீர்கள் என்று கேட்பீர்கள். அலுவலகத் தவறு என்று மன்னிப்புக் கேட்டார், கப்பல் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், எங்கள் பணம் முழுவதும் அவரிடம் இருந்தது. காரணம் அவ்வளவுதான்.

பாராடாங் தீவுக்குச் செல்ல அந்தமான் நெடுஞ்சாலையில் ஜிர்காடாங் சோதனைச் சாவடி வரை போய், அங்கிருந்து ஜாரவா பழங்குடியினரின் காப்பகக் காட்டுக்குள் ஏறத்தாழ 50 கி.மீ. தூரத்தை, காவலர் பாதுகாப்புடன் குறித்த நேரங்களில் புறப்படும் வாகன அணிவகுப்பில் கடக்க வேண்டும். பிறகு மிடில் ஸ்ட்ரெய்ட் கால்வாயைப் படகில் தாண்டி, அலையாத்திக் காடுகளுக்கு நடுவே விசைப்படகில் நயாடேரா துறைக்குச் சென்று, அங்கிருந்து சுண்ணாம்புக் குகைகளுக்கு நடந்து போவார்கள். காலை ஆறு மணி அணிவகுப்பைப் பிடிப்பதற்காக அதிகாலை மூன்று மணிக்கே கிளம்பினோம். வண்டியில் எங்களையும் சேர்த்து ஆறு பேர்.

சாவடியில் ஒவ்வொரு வண்டிக்கும் பயணிகளின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதிய படிவம் கொடுக்க வேண்டும். எங்கள் வண்டியின் படிவத்தில் எங்கள் பெயர்கள் இல்லை. வேறு இருவரின் பெயர்கள் இருந்தன. காவலர் கேட்டால் அந்தப் பெயர்களையே சொல்லுங்கள் என்றார் ஓட்டுநர். நாங்கள் திகைத்து நிற்கும்போதே அடுத்ததைச் சொன்னார். தலைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால், "அவங்க" வழக்கமாக நிற்கும் வளைவில் வண்டியை மெதுவாக்குவாராம். கொடுப்பதற்குப் பிஸ்கட் பொட்டலமும் அவரிடமே இருந்தது. எங்கள் பயணத் திட்டத்தில் 'சிறப்புக் காட்டு சஃபாரி' என்று எழுதியிருந்ததன் பொருள் அப்போதுதான் புரிந்தது. மான்களும் பறவைகளும் என்று நாங்கள் எண்ணிப் பணம் கட்டியது, மனிதர்களை வேடிக்கை பார்ப்பதற்கு.

ஜாரவாக்கள் சில நூறு பேர் மட்டுமே இருக்கும் ஒரு சமூகம். 1990-களின் பிற்பகுதி வரை வெளியாரைத் தங்கள் காட்டுக்கு அப்பாலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். நம்மோடு தொடர்பு ஏற்பட்ட சிறிது காலத்திலேயே, 1999-இல், தட்டம்மை அவர்களிடையே பரவியது. நமக்குச் சாதாரணமான ஒரு நோய், அதற்கு எதிர்ப்புச் சக்தியே உருவாகாத ஒரு சிறு இனத்தை அழித்துவிட முடியும். 2002-இல் உச்ச நீதிமன்றம் காப்பகத்தின் ஊடாகச் செல்லும் சாலைப் பகுதியை மூடச் சொன்னது. சாலை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உணவுக்காகப் பெண்களை ஆட வைத்த காணொளி 2012-இல் வெளிவந்து நாடே தலைகுனிந்தது. அடுத்த ஆண்டு சுற்றுலாப் பயணிகளுக்குச் சில வாரங்கள் அந்தச் சாலையில் இடைக்காலத் தடையும் இருந்தது. அங்கே வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், உணவு கொடுப்பதும் 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் சிறை வரை கொண்டுபோகும் குற்றங்கள். பொய்ப் பெயரில் உட்கார்ந்திருக்கும் பயணியின் நிலை அப்போது என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வண்டியில் இருந்த மற்ற நால்வரில் இருவர் பணம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். நாங்கள் காலத்தை வீணாக்குவதாகக் கோபித்துக்கொண்டார்கள். நானும் என் கணவரும் பைகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டோம். ஓட்டுநர் சொன்னதைச் சாவடியில் இருந்த காவலரிடம் தெரிவித்தோம். அவர் அந்த வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். அதற்கு மேல் என்ன நடந்தது என்று தெரியாது. விடிந்து வெகுநேரம் கழித்து வந்த பேருந்தில் தலைநகருக்குத் திரும்பினோம். பாலுடேராவில் எங்கள் பெயரில் எந்த முன்பதிவும் இல்லை என்று தொலைபேசியில் தெரிந்தது. குகைகளை நாங்கள் பார்க்கவே இல்லை. முறையான பெயர்ப் பதிவோடு அரசுப் பேருந்தில் போய்வரலாம் என்று சொன்னார்கள்தான், ஆனால் அந்தச் சாலையில் இன்னொரு சுற்றுலாப் பயணியாகப் போக எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

ஊர் திரும்பிய பிறகே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தோம். பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் அந்தத் தொகையை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அதிகம். நாங்கள் ஹேடோ துறைமுகத்தில் நின்றபோதே அழைத்திருக்க வேண்டும், தவறவிட்டோம். அடுத்து நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்தோம். அந்தமானில் நடந்த மோசடிக்கு அந்தமானுக்குப் போய்த்தான் வழக்காட வேண்டும் என்று பலர் நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நாங்கள் கோயம்புத்தூரில் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. போலிச் சீட்டின் கோப்பு, குரல்பதிவுகள், யு.பி.ஐ. பரிமாற்ற எண்கள், ஃபீனிக்ஸ் பேயில் நாங்கள் வாங்கிய உண்மையான சீட்டு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தது இப்போது உதவுகிறது.

புகார் கொடுத்த மறுவாரம் முகவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: எல்லாப் புகார்களையும் திரும்பப் பெற்றால் ரூ. 10,000 தருவாராம். முழுத் தொகையையும் எழுத்து வடிவிலான ஒப்புதலையும் கேட்டோம். அன்று முதல் அந்த எண் செயல்படவில்லை. அவருடைய பக்கம் இப்போது வேறொரு பெயரில் இயங்குகிறது: அதே ராதாநகர் கடற்கரைப் படம், அதே குரல், அதே ஒன்பது நாள் திட்டம். நான்காம் நாள் நீல், ஐந்தாம் நாள் ஷஹீத் தீவு என்ற வரிகளும், 'சிறப்புக் காட்டு சஃபாரி' என்ற வரியும் அதில் மாறாமல் இருக்கின்றன.