டிராயிங் கிளாஸா, யூடியூபா, ஸ்கெட்ச் நோட்டா?

குன்னூரில் இருக்கும் அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பெயின்டிங்கை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். சிபிஎஸ்இ. ஆகஸ்டு மாத மார்க்கைப் பார்த்ததும் வீட்டுக்குள் மூன்று கட்சி ஆகிவிட்டது. சனிக்கிழமை டிராயிங் கிளாஸ் என்றாள் அக்கா. யூடியூப் போதும் என்றாள் பிள்ளை. தினம் ஒரு பக்கம் ஸ்கெட்ச் நோட்டு என்றேன் நான்.

மார்க் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்தோம். தியரிக்கு 30, செய்முறைக்கு 70. அந்த 70-இல், எதிரே வைத்த பொருள்களைப் பார்த்து வரைய 25, காம்போசிஷனுக்கு, அதாவது ஒரு தலைப்பை வைத்துச் சொந்தமாக அமைக்கும் படத்துக்கு 25, வருடம் முழுக்கச் செய்த வேலைகளின் போர்ட்ஃபோலியோவுக்கு 20. இந்தக் கடைசி 20-ஐத் தேர்வன்று உட்கார்ந்து சம்பாதிக்க முடியாது.

கிளாஸுக்கு ஒரு மாதம் போனாள். தப்பை அங்கேயே சுட்டிக்காட்ட ஆள் இருப்பது பெரிய வசதிதான். ஆனால் அங்கே நடந்ததெல்லாம் காப்பி அடிக்கும் வேலை. நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு தென்னை மரத்துக்குப் பின்னால் கடலில் சூரியன் மறையும் படம்! போதாததற்கு, கடைசி டச்சை மாஸ்டரே கொடுத்துவிடுவார். வீட்டில் ஃப்ரேம் போட நன்றாக இருந்தது. போர்ட்ஃபோலியோவில் வைத்தால் பக்கத்துக்குப் பக்கம் கை மாறியது தெரிந்துவிடும்.

யூடியூபில் துணி மடிப்புக்கு நிழல் கொடுப்பதை நன்றாகவே கற்றுக்கொண்டாள். சிக்கல் நம் ஊர் ஈரம். வீடியோவில் வாஷ், அதாவது தண்ணீர் கலந்த மெல்லிய கலர், கொடுத்த அடுத்த நொடியே காய்ந்துவிடுகிறது. குன்னூரின் அக்டோபர் மழையில் அரை மணி ஆனாலும் காயாது. அவசரப்பட்டு மேலே அடுத்த கலரை வைத்தால் பரவிவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் தாளைக் காட்டிப் பார்த்தோம், அப்பளம் போல வளைந்தது. அப்புறம் பின்னணியை முதலில் மெல்லிசாகப் போட்டுவிட்டு, அது காயும்வரை வேறு தாளில் பென்சில் வேலை என்று பழகிக்கொண்டாள். இன்னொரு குறை, திரையில் தெரிவது ஏற்கெனவே தட்டையாகிவிட்ட படம். தேர்விலோ இரண்டு மூன்று பொருள்கள், முன்னும் பின்னும் வேறு வேறு நிறத்தில் துணி, நகராத ஒரே இடத்திலிருந்து மூன்று மணி நேரம் பார்த்து வரைய வேண்டும்.

ஸ்கெட்ச் நோட்டுக்குச் செலவு கிடையாது. மார்க்கெட்டிலிருந்து தழையோடு வந்த கேரட், பீட்ரூட், நாற்காலியில் தொங்கும் சால்வை, காபி டம்ளர். தினம் இருபது நிமிஷம், அதே ஜன்னல் ஓரம், தேதி போட்டு. கல்லாரிலிருந்து பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறிவரும் மலை ரயிலுக்குக் குன்னூரில் இன்ஜின் மாற்றுவார்கள். அந்த நேரத்தில் பிளாட்பாரத்தில் நிற்பவர்களை வரைந்தாள். காம்போசிஷனுக்கு ஆள் கிடைத்தது அங்கேதான். முதல் கிறுக்கலிலிருந்து முடித்த படம்வரை எல்லாம் தேதியோடு இருந்ததால் போர்ட்ஃபோலியோவும் பாதி தயார்.

இதிலும் ஓட்டை உண்டு. தப்பைச் சொல்ல ஆள் இல்லை. இரண்டு வாரம் டம்ளரின் வாயை முட்டை வடிவத்தில் போட்டுவிட்டு அடியை நேர்கோடாக முடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை பள்ளி டிராயிங் மிஸ்ஸிடம் காட்டியபோதுதான், மேலிருந்து பார்க்கும்போது அடி வளைவு வாயைவிட இன்னும் உருண்டையாகத் தெரிய வேண்டும் என்றார். ஒரே வாக்கியம். கிளாஸில் கொடுத்த ஒரு மாத ஃபீஸுக்கு அது கிடைக்கவில்லை.

தியரிக்கு இந்த மூன்றுமே உதவாது. ராஜஸ்தானி, பஹாரி, முகலாய, தக்காண ஓவியங்கள், வங்காளப் பாணி எல்லாம் புத்தகத்தைப் படித்தே ஆக வேண்டும். காய வைக்க வேண்டியதில்லை என்பதே ஆறுதல்.

என் ஓட்டு நோட்டுக்குத்தான், ஆனால் வாரம் ஒருமுறை மிஸ்ஸிடம் காட்டினால் மட்டும். யூடியூப், எங்கே தடுக்கிறதோ அதற்கு மட்டும். கிளாஸ் கடைசி இரண்டு மாதம், கடிகாரம் வைத்து வரைந்து பழக.

"சரி மாமா, திரும்பப் போகிறேன். ஆனால் மாஸ்டர் என் பிரஷைத் தொடக்கூடாது" என்றாள். நானே போய்ச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. அப்புறம் டீயை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தார்.